உப்புக் கரித்த தேறல்

புதுவைப் பாரதி பூங்காவின் அருகே உள்ள அருங்காட்சியகத்திற்கு நம் மாணவர்களுள் பெரும்பாலோர் ஒருமுறையாவது போயிருப்பர். டூப்ளேயின் கட்டில் என்று சொல்லப்படும் கட்டிலையும், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் கண்டு வியந்துவிட்டு வெளியே வந்துவிடுவது வழக்கம். அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கும் பகுதியில் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. நிற்கத் தூண்டும்படி அங்கே மின்னுவது எதுவும் இல்லை. பானை ஓடுகள், மணிகள், உடைந்த சாடித் துண்டுகள். அந்தச் சாடித் துண்டுகளுக்கு முன்னால் சென்ற ஆண்டு நான் அரைமணி நேரம் நின்றேன். காவலர் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நின்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் வீராம்பட்டினம். அரிக்கமேடு எங்கள் ஊருக்குப் பின்புறம், காக்காயன்தோப்பை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது. சிறுவயதில் மழை ஓய்ந்த மறுநாள் அந்தக் கரைச்சரிவில் பாசிமணி பொறுக்குவது எங்களுக்கு விளையாட்டு. அது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு மணியைக்கூட எடுக்கலாகாது என்பதெல்லாம் கல்லூரிக்கு வந்து வரலாறு படித்த பின்னரே தெரிந்தது. மணியைத் தேடும்போது கையில் தடித்த ஓடுகள் அகப்படும். அவற்றை ஆற்றில் தவளைக்கல் விட்டு விளையாடுவோம். அப்படி நான் எறிந்தவற்றுள் யவனர் சாடியின் துண்டுகளும் இருந்திருக்குமோ என்ற எண்ணம் அன்று அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொரு கேள்வியும் வந்தது. அந்தச் சாடிக்குள் இருந்த தேறல் நாக்கில் எப்படி இருந்திருக்கும்?

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. மதுவைப் புகழ்ந்து எழுதுவதாக எவரும் எண்ண வேண்டா. அப்படி எழுதக்கூடிய வீட்டில் நான் பிறக்கவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அரிக்கமேட்டின் கதையை நம் பேராசிரியர்கள் வகுப்பில் பலமுறை சொல்லியிருப்பதால் சுருக்கமாகவே கூறிச் செல்கிறேன். 1937-ஆம் ஆண்டளவில் ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஊர்ச் சிறுவர்கள் கொண்டுவந்து காட்டிய மணிகளைக் கண்டு இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தார். (ஊர்ச் சிறுவர்கள்! எங்கள் பாட்டன்மார்தாம் அவர்கள் என்று நாங்கள் பெருமை பேசுவதுண்டு.) தலையொன்று செதுக்கப்பட்ட கல்லும் அவருக்குக் கிடைத்தது. அது அகஸ்டஸ் சீசரின் உருவம் என்று கருதப்பட்டது. இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக 1944-இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் உரோமானியச் சாடியின் கைப்பிடித் துண்டைக் கண்டு திகைத்து, அது எங்கிருந்து வந்தது என்று வினவிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. 1945-இல் அவர் அகழ்ந்தார். அவருக்குப் பின் கசால் என்பவர் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அகழ்ந்தனர். கிரேக்க மாலுமியின் கையேடான 'பெரிப்ளஸ்' குறிப்பிடும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு.

சாடிகளுக்கு வருவோம். யவனர் ஒயினைக் கொண்டுவந்த சாடிக்கு 'ஆம்போரா' என்று பெயர். குறுகிய கழுத்து, இருபுறமும் கைப்பிடி, கூரிய அடி. தரையில் நிற்காத இந்தப் பாத்திரத்தை ஏன் செய்தார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன் இடுக்கில் ஒன்றைச் செருகி அடுக்குவதற்கும், சாய்த்து ஊற்றும்போது அடியைப் பிடித்துக்கொள்வதற்கும் அந்தக் கூர்மை உதவியது. பொதுவாக ஒரு சாடியில் ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். உட்புறம் பைன் மரப்பிசினை உருக்கிப் பூசியிருப்பர். நம்மூர்ப் படகுக்குக் கீல் பூசுவது போலத்தான்.

அரிக்கமேட்டில் கிடைத்த சாடித் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அம்மையார் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1996-இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யவனர் சாடி என்றால் உரோமாபுரியிலிருந்து வந்தது என்றே நான் நினைத்திருந்தேன். அந்த நூலோ கிரேக்க இடங்களின் பெயர்களைச் சொல்கிறது. ரோட்ஸ், நிடோஸ், எல்லாவற்றிற்கும் மேலாகக் கோஸ். கோஸ் சாடியை அடையாளம் காண்பது எளிது. இரண்டு மண் திரிகளை அருகருகே வைத்து ஒட்டினாற்போல அதன் கைப்பிடி இரட்டையாக இருக்கும். அந்தச் சாடிக்கு இருந்த மதிப்பைப் பார்த்து, இத்தாலி நாட்டார் அதே இரட்டைக் கைப்பிடியோடு தாங்களும் சாடி செய்து தங்கள் ஒயினை நிரப்பி விற்றனர். போலிச் சரக்கு இன்று நேற்று வந்ததன்று! அவ்விதம் செய்த இத்தாலியச் சாடிகளுள் ஒருவகை, கம்பானியா நாட்டு மண்ணால் ஆனது. உடைத்துப் பார்த்தால் கறுப்பு மணல் பொடி மின்னும். அது வெசுவியஸ் எரிமலை உமிழ்ந்த மணல்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் கிடைத்த சாடித் துண்டெல்லாம் ஒயின் சாடி அன்று. ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும் உண்டு. உப்பிலிட்டு ஊறவைத்த மீன்சாறு நிரம்பிய சாடிகளும் அரிக்கமேட்டிற்கு வந்துள்ளன. தவிர, நம் நாட்டில் பல இடங்களில் உரோமானியச் சாடி என்று எண்ணப்பட்டவற்றுள் சில, உண்மையில் மெசபடோமியாவிலிருந்து வந்தவை என்று ராபர்ட்டா டோம்பர் என்னும் ஆராய்ச்சியாளர் பின்னர்க் காட்டினார். எனினும் கோஸ் தீவின் கைப்பிடிகளைப் பற்றி ஐயமில்லை.

இந்தத் தேறலை யார் குடித்தார்கள்? இங்கே தங்கியிருந்த யவன வணிகர்கள் தங்களுக்கென வரவழைத்தார்கள் என்பர் சிலர். நம்மவரும் குடித்தனர் என்பதற்குப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு சான்றாக நிற்கிறது. அதில் நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமும் குளிர்ச்சியும் உடைய தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்ட நாள்தோறும் உண்டு மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அது வந்தது 'கலத்தில்' என்கிறார் புலவர். கலம் என்றால் கப்பலும் ஆகும், பாத்திரமும் ஆகும். எதைக் கொண்டாலும் அரிக்கமேட்டுச் சாடி அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அதன் சுவை இனிப்பா, புளிப்பா, துவர்ப்பா என்று புலவர் சொல்லவில்லை.

சொன்னவர் வேறொருவர். உரோமானியர் பிளினி. வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-இல் வெடித்தபோது உயிர்நீத்தாரே, அவரேதான். கோஸ் தீவினர் தம் ஒயினில் கடல்நீரைத் தாராளமாகக் கலப்பர் என்று அவர் எழுதுகிறார். அந்தப் பழக்கம் ஓர் அடிமையின் திருட்டிலிருந்து தோன்றியதாம். திருடிய அளவை ஈடுகட்டச் சாற்றில் கடல்நீரை ஊற்றி வைத்தான் அவன். பிறகு அதுவே அந்தத் தீவின் புகழுக்குக் காரணமாகிவிட்டது. வெள்ளைத் திராட்சைச் சாற்றில் கலந்து செய்ததற்கு 'லியூகோகூம்' என்று பெயர். வெள்ளைக் கோஸ் ஒயின் என்று பொருள். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கேட்டோ என்பவர் இதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். காற்றில்லாத அமைதியான நாளில், ஆற்றுநீர் கலவாத ஆழ்கடலில், திராட்சை அறுப்புக்கு 70 நாட்களுக்கு முன்பே நீரை மொண்டு வந்து, கசடு தங்கவிட்டுத் தெளிவை மட்டும் வேறு சாடிக்கு மாற்ற வேண்டும் என்கிறார்.

ஆக, எங்கள் ஊர் ஆற்றங்கரைக்கு வந்தது உப்பு ஒயின். அதைப் படித்த நாளிலிருந்து அந்த உப்பு என் நாக்கிலேயே நின்றது.

இந்நிலையில்தான் சொல்தா தாத்தா வீட்டுக்கு ஒரு புட்டி வந்து சேர்ந்தது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோரை நம் புதுவையில் 'சொல்தா' என்று அழைப்பது அனைவரும் அறிந்ததே. அரியாங்குப்பத்தில் இருக்கும் இவருக்கு எண்பத்தைந்து வயது. கண் மங்கிவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் மாலையில் நான் போய்ச் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். பிரான்சில் இருக்கும் அவருடைய பேத்தி, விடுமுறைக்குக் கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவுக்குப் போய்விட்டு, ஊருக்கு வரும்போது தாத்தாவுக்கென்று வெள்ளை ஒயின் ஒன்று கொண்டு வந்திருந்தார். தாத்தாவுக்குச் சிவப்பு ஒயின்தான் பிடிக்கும். புட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிரேக்கமாம். நீதான் அரிக்கமேடு அரிக்கமேடுன்னு பேசிக்கிட்டே இருப்பியே. ஞாயித்துக்கிழமை வா, திறக்கலாம்" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. என் தந்தை சாராயத்தால் இறந்தவர். அப்போது நான் எட்டாம் வகுப்பு. கடலில் மூன்று நாள் கிடந்து உழைத்த காசு வீட்டுக்கு வரும் வழியிலேயே கரைந்துவிடும். அவரைத் தேடிக்கொண்டு இரவில் அம்மாவும் நானும் சாராயக்கடைக்குப் போன நாட்கள் பல. தமிழகத்தில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் புதுவையில் கடைகள் திறந்தே இருந்தன. எல்லைக்கு அப்பாலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குடித்துவிட்டுப் போவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் போய்விடுவார்கள். நாங்கள் இங்கேயே இருந்தோம். அப்பாவின் காரியம் முடிந்த அன்று, இதை நான் தொடமாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே அம்மாவிடமே கேட்டேன். பாடத்துக்காக என்று சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை. அம்மா இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சனிக்கிழமை இரவு சோறு போடும்போது, "ஒரு வாய். குடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்து எப்படி இருந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லணும். ஒளிக்கக் கூடாது" என்றார்.

அந்தப் புட்டி வந்த தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோஸுக்கும் சாண்டோரினிக்கும் இடையே சுமார் 170 கிலோமீட்டர் கடல். ஈஜியன் கடலின் தென்பகுதியில் வில்போல வளைந்து செல்லும் ஒரே எரிமலை வரிசையில் இரண்டும் அமைந்துள்ளன. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெடிப்பின் சாம்பல் கோஸ் தீவின் நடுப்பகுதியில் இன்றும் மேடாகப் படிந்திருக்கிறது. சாண்டோரினியின் பெருவெடிப்போ மனிதர் கண்ட ஒன்று. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் தீவின் நடுப்பாகமே உள்ளே சரிந்து, கடல் புகுந்து, பிறை வடிவில் ஓர் ஓரம் மட்டும் எஞ்சியது. அக்ரோத்திரி என்னும் பழைய ஊர் சாம்பலில் மூடுண்டு கிடந்ததை 1967 முதல் அகழ்ந்து வெளிப்படுத்தி வருகின்றனர்.

இத்தகைய சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த தரையில்தான் அங்கே திராட்சை விளைகிறது. ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் புதுவையில் வடகிழக்குப் பருவமழை ஒன்றிலேயே அதைவிட மிகுதியாகப் பெய்துவிடும். அங்கே கொடிக்கு நீர் கொடுப்பது பெரும்பாலும் கடலிலிருந்து எழும் இரவு மூடுபனி. நுரைக்கல் அதைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு பகலில் வேருக்கு விடுகிறது. காற்றோ ஓயாது வீசும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படரும் பன்னீர்த் திராட்சையைப் பார்த்தவர்கள் சாண்டோரினியின் தோட்டத்தைப் பார்த்தால் அதைத் தோட்டம் என்றே ஒப்பமாட்டார்கள். அங்கே பந்தல் இல்லை. கொடியை ஆண்டுதோறும் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தரையோடு தரையாகக் கூடைபோல் முடைந்துவிடுகிறார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள், காற்றும் வெயிலும் தாக்காமல், முட்டைபோல் கிடக்கும். எழுபது எண்பது ஆண்டுகள் சென்று கூடை முதிர்ந்துவிட்டால், அதை வெட்டி எறிந்து, அதே வேரிலிருந்து புதுக்கொடி வளர்ப்பார்கள். அதனால் மேலே இருக்கும் கொடிக்கு ஒரு வயது, கீழே இருக்கும் வேருக்கு வேறொரு வயது.

அந்த வேருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த 'ஃபைலாக்சிரா' என்னும் பேன் போன்ற பூச்சி, ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. பிரெஞ்சு நாட்டின் கொடிகளெல்லாம் இன்று பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி வளர்ப்பவையே. அப்பூச்சி களிமண் இல்லாத இடத்தில் பிழைக்க மாட்டாது. சாண்டோரினியின் சாம்பல் தரையில் களிமண் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அங்குள்ள 'அசிர்திகோ' என்னும் வெள்ளைத் திராட்சை ஒட்டுக்கட்டாமல் தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. தாத்தாவின் புட்டியில் இருந்தது அந்த அசிர்திகோதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. மின்சாரம் இல்லை. பனிக்கட்டி வாங்கி வந்து வாளியில் போட்டுப் புட்டியை அதில் அமிழ்த்தினோம். நான் அடுக்களையிலிருந்து எவர்சில்வர் தம்ளர் எடுத்து வர, தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டேய், அது மோர் குடிக்கறதுக்கு!" அலமாரியிலிருந்து காம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுக்கச் செய்தார். கிண்ணத்தின் வயிற்றைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறிவிடும், காம்பைத்தான் பிடிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும், பிறகு சுழற்றி முகர வேண்டும், அதன் பிறகே வாய். சுவை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் விழுங்குவதில்லை, வாயில் சுழற்றி உமிழ்ந்துவிடுவார்கள் என்று நான் படித்திருந்தேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கிற்கு அது மிகவும் பொருந்தியது. ஒரு வாளியை அருகில் வைத்துக்கொண்டேன். தாத்தாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நல்ல பொருளைத் துப்புகிறவனை அவர் படையில்கூடப் பார்த்ததில்லையாம்.

நிறம், வைக்கோலை ஊறவைத்த தண்ணீர் போன்ற வெளிர்மஞ்சள், ஓரத்தில் சற்றே பச்சை. மணம் என்னைக் குழப்பியது. நான் அறிந்த மதுவின் மணம் ஒன்றே ஒன்று. அந்த மணத்திற்கு நான் கண்ணை மூடிக்கொண்டே காத்திருந்தேன். அது வரவில்லை. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல ஒரு வாசனை. அதன் பின்னால், வெயிலில் காய்ந்த கருங்கல்லில் முதல் தூறல் விழும்போது எழுமே, அந்த வாசனை. வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு. பல் கூசும் புளிப்பு. பிறகு ஒரு கனம், எண்ணெய்ப் பசையில்லாத ஒரு தடிமன். உமிழ்ந்த பின்னர், நாக்கின் இருபுறத்திலும் உப்பு. மிக மெல்லிய உப்பு. எனக்கு உடனே தோன்றியது, மாடியில் காயவைத்த உப்பு நாரத்தங்காய். காய்ச்சலில் வாய் கசந்து கிடக்கும்போது அம்மா ஒரு துண்டு கிள்ளி நாக்கில் வைப்பாரே, அதேதான். ஒரே ஒரு மிடறு மட்டும் விழுங்கினேன். தொண்டையில் இறங்கும்போது சூடு தெரிந்தது. அப்போதுதான் இது மது என்பதே நினைவுக்கு வந்தது.

எரிமலை மண்ணின் சுவை கிண்ணத்துக்குள் வந்துவிட்டது என்று ஒயின் விற்பவர்கள் எழுதுகிறார்கள். நானும் அன்று அப்படியே நம்பினேன். நம் வேதியியல் துறை ஆசிரியர் ஒருவரிடம் கேட்டபோது சிரித்துவிட்டார். கல்லுக்குச் சுவை ஏது என்றார். பிறகு படித்துப் பார்த்ததில் அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. வேர் கல்லைத் தின்பதில்லை. நீரில் கரைந்த உப்புகளை மிகச் சிறிதளவே உறிஞ்சுகிறது, அவற்றுள் பெரும்பாலானவை நாக்கு உணரும் அளவில் ஒயினில் இருப்பதில்லை. மண் வேலை செய்வது வேறு வழியில். திராட்சையின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவதும் அதே அமிலந்தான். (மீன்குழம்போடு இந்த ஒயின் நன்றாகச் சேரும் என்று தாத்தா சொன்னதன் இரகசியம் இதுவாக இருக்கலாம்.) மண்ணில் பொட்டாசியம் மிகுந்திருந்தால் அது பழத்துக்குள் ஏறி, அந்த அமிலத்தோடு கூடி, படிகமாக அடியில் தங்கிப் புளிப்பைக் குறைத்துவிடும். சாண்டோரினி மண்ணில் பொட்டாசியம் குறைவு. ஆகவே அவ்வளவு வெயிலிலும் அசிர்திகோ தன் புளிப்பை இழப்பதில்லை. உப்புச் சுவைக்கு, குலைகளின்மேல் கடற்காற்று படியவைக்கும் உப்பே காரணம் என்பர் சிலர். கூர்மையான புளிப்பையே நாக்கு உப்பென்று மயங்குகிறது என்பர் வேறு சிலர். கடற்கரையில் பிறந்தவன் என்ற முறையில் நான் காற்றின் கட்சி. எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியை நக்கிப் பார்த்தாலே உப்புக் கரிக்கும்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எரிமலை மண்ணில் திராட்சை என்றால் கிரேக்கத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மகாராட்டிரத்தின் நாசிக் பகுதியில் இன்று ஒயினுக்கென வளரும் திராட்சையும் எரிமலைக் குழம்பு இறுகிய தக்காணப் பாறையின் மண்ணில்தான் நிற்கிறது. நமக்கு அது அருகில் இருப்பதாலேயே பெருமையாகத் தெரிவதில்லை போலும்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாண்டோரினி ஒயின் கோஸ் ஒயின் ஆகாதே! கடல்நீர் கலக்க வேண்டுமே! இதற்காகவே பத்து நாட்களுக்கு முன்பு சித்தப்பாவிடம் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து, கரையிலிருந்து நெடுந்தூரம் போனபின் காற்றில்லாத நேரம் பார்த்து மொண்டு வரச் சொல்லியிருந்தேன். "கடல்தண்ணி வேணும்னா வாசல்ல வந்து மொண்டுக்க வேண்டியதுதானே" என்று அவர் கேலி செய்தார். கேட்டோ சொன்ன 70 நாட்களுக்கு எனக்குப் பொறுமை இல்லை. பத்து நாள் தெளியவிட்டு, வடிகட்டி, கொதிக்கவைத்து ஆற்றிக்கொண்டு போயிருந்தேன்.

இன்னொரு கிண்ணத்தில் நூறு மில்லிலிட்டர் ஒயின் ஊற்றி, ஒரு தேக்கரண்டி கடல்நீரை விட்டேன். வாயில் வைத்தேன். உப்புப் போட்ட புளித்த மோர். உமிழ்ந்துவிட்டேன், இம்முறை மகிழ்ச்சியோடு. தாத்தா ஒரு வாய் குடித்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத இயலாது. அடுத்ததில் ஐந்தே சொட்டு. அதில்தான் வியப்பு. பல் கூசிய புளிப்பு அடங்கிவிட்டது. எலுமிச்சைத் தோலின் கைப்பு போய், எங்கிருந்தோ பழத்தின் இனிப்பு மேலே வந்தது. உப்பு சிறிதளவு சேர்ந்தால் கசப்பை மறைத்து இனிப்பை எடுத்துக்காட்டும் என்பது சமைப்பவர்கள் எல்லாரும் அறிந்ததே. அன்னாசித் துண்டில் உப்புத் தூவித் தின்பவர்களுக்கும் தெரியும். அந்த அடிமை கடல்நீரைக் கலந்தது களவை மறைக்கத்தான். ஆனால் குடித்துப் பார்த்த எசமானன் ஏன் அதை நிறுத்தச் சொல்லவில்லை என்பது இப்போது எனக்கு விளங்கியது.

தாத்தா அந்த இரண்டாம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கப்பல்ல எத்தனை மாசம் வந்திருக்கும்டா?" என்று கேட்டார். சாடி மத்தியதரைக் கடலைத் தாண்டி, எகிப்தில் நைல் ஆற்றில் ஏறி, பாலைவனத்தில் ஒட்டகத்தின் முதுகில் போய், செங்கடலில் மறுபடி கப்பலேறி, தென்மேற்குப் பருவக்காற்றில் மேலைக்கரைக்கு வந்து, அதற்கும் பிறகே நம் கரைக்கு வந்திருக்க வேண்டும் என்றேன். "அப்ப இந்த மணமெல்லாம் போயிருக்கும்" என்றார் அவர். அது என் மகிழ்ச்சியைச் சற்றுக் குறைத்தது. அவர் சொன்னது நியாயந்தான். பேத்தி கொண்டு வந்தது கார்க்கு அடைத்த கண்ணாடிப் புட்டி, ஒரே நாளில் விமானத்தில் வந்தது. பிசின் பூசிய மண்சாடியில் மாதக்கணக்கில் குலுங்கி வந்த தேறல் வேறாகத்தான் இருந்திருக்கும். நிறம் கறுத்திருக்கும், பிசின் மணம் ஏறியிருக்கும். யவனர் அதில் தண்ணீர் கலந்தே குடித்தனர் என்பதையும் நினைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே, "எப்படி இருந்துச்சு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சை, நாரத்தங்காய், ஐந்து சொட்டு, திருடிய அடிமை, ஒன்றையும் ஒளிக்கவில்லை. புளிப்பு, உப்பு என்று நான் அடுக்கியபோது அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அடிமையின் கதை வந்தபோது மட்டும் கை நின்றது.

"இதுக்குப் போயி திருட்டுன்னு கதை கட்டணுமா? அத்தனை நாள் கப்பல்ல வர்ற பொருள் கெடாம இருக்க வேணாமா? உப்பு போட்டாத்தானே தாங்கும்" என்றார். கையில் இருந்த வாளைக் கருவாட்டை ஆட்டிக் காட்டினார். "இதுக்கு நான் என்ன பண்றேன்?"

நான் படித்த நூல்களில் இதைத் தேடிப் பார்த்தேன். கடல்நீர் சுவைக்காக மட்டுமன்று, ஒயின் கெடாமல் நீண்ட பயணத்தைத் தாங்குவதற்காகவும் கலக்கப்பட்டது என்று அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். அரிக்கமேட்டுக்கு அதே கப்பல்களில் உப்பு மீன்சாறும் வந்ததென்று அம்மாவிடம் சொன்னேன். "பின்ன?" என்றார்.

சற்று நேரம் கழித்து, "அந்த ஆளை என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

"யாரை?"

"அதான், தண்ணி ஊத்துனவனை."

பிளினி அதை எழுதவில்லை என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையையும் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்தார். சித்தப்பா கடல்நீர் கொண்டுவந்த கண்ணாடிப் புட்டியைக் கழுவிக் கொடுக்கச் சொன்னார். நல்லெண்ணெய் ஊற்றி வைக்க வேண்டுமாம்.